கொம்பரையில குதிரை கூடாது

ஜன்னல் சீட்டை நீங்களே வச்சுக்கங்கண்ணே. எனக்கு வேண்டாம், நான் பாத்த மலைதான். அந்தா, கரேல்னு கிடக்குதே, தீஞ்சுபோன தோசைக்கல்லு மாதிரி, அதைத்தானே டிரைவர்கிட்ட கேட்டீங்க? என்ன சொன்னாரு? "தீ." ஒத்தை வார்த்தை. அந்தாளுக்கு அவ்வளவுதான் தெரியும். தீ ஏன் வந்துச்சு, யாரால வந்துச்சு, எந்த வழியா வந்துச்சு, அம்புட்டும் எனக்குத் தெரியும்ணே. ஏன்னா அது வந்ததே என் தோட்டத்துக்குத்தான்.

கொடைக்கானலா? நானும் அங்கதான். இன்னும் ஒன்றரை மணி நேரம் இருக்கு. சொல்றேன்.

என் பேரு குழந்தைவேலு. வீட்ல கொழந்தன்னு கூப்பிடுவாய்ங்க, சிரிக்காதீங்க. இருபத்தாறு வயசு. ஊரு கொம்பரை, இப்ப நான் ஏறுன ஸ்டாப்தான். மொத்தம் அறுபது வீடு. அறுபது வீட்லயும் சேத்து இயற்கை விவசாயம்னா என்னன்னு தெரிஞ்ச ஆளு எத்தனை பேருன்னு நெனைக்கிறீங்க? ஒருத்தன். அவன்கிட்டதான் நீங்க பேசிக்கிட்டு இருக்கீங்க.

மடியில கவர் இருக்கு பாருங்க. இது மனு. கசங்கக் கூடாதுன்னு உள்ள அட்டை வச்சிருக்கேன். ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கு ஒண்ணு, ஃபாரஸ்ட்டுக்கு ஒண்ணு. விஷயம் ஒரே வரி. கொம்பரை எல்லைக்குள்ள மட்டக்குதிரை வளக்கக் கூடாது, இருக்கிற அஞ்சையும் வெளியேத்தணும். பதினோரு கையெழுத்து. அதுல ஒண்ணு கைநாட்டு.

மட்டக்குதிரை தெரியும்ல? கொடைக்கானல் ஏரிப் பக்கம் புள்ளைகளை ஏத்திக்கிட்டு நடக்குமே, குட்டையா, கழுதைக்கு ஒண்ணுவிட்ட தம்பி மாதிரி. அங்க அது முதுகுல புள்ளைக ஏறும். எங்க ஊர்ல பூண்டு மூட்டை ஏறும். தோட்டத்துக்கெல்லாம் ரோடு கிடையாதுல்ல. அதை வச்சிருக்கிறது ஊர்ல ஒரே ஆளு. சிட்டம்மா. எனக்கு மதினி முறை. புருஷன் திருப்பூர்ல பனியன் கம்பெனியில. இந்தம்மா இங்க அஞ்சு குதிரைக்கு ராணி. பெரிய குதிரைக்குப் பேரு கருப்பட்டி. பேரைப் பாருங்க! இப்ப அது செனையா வேற இருக்கு. அதுக்கு மதினி பண்ற உபசாரம் இருக்கே, பொம்பளைக்கு வளைகாப்புலகூட அப்பிடி நடக்காதுண்ணே. கொள்ளு அவிச்சு, ஆற வச்சு, கையால பெசஞ்சு... சகிக்காது.

நான் என்ன சொல்றேன்னா, குதிரை மேல எனக்குக் கோபம் இல்லை. அது பாவம், அறிவில்லாத ஜீவன். வளக்குறவங்களுக்கு இருக்கணும்ல?

சரி, மொதல்ல இருந்து வரேன். போன ஐப்பசி மழை என்னாச்சு? வரலை. கார்த்திகை? தூத்தல் போட்டுட்டு ஓடிருச்சு. தை மாசமே மலையில இருக்குற புல்லு பூராம் சோளத்தட்டை மாதிரி ஆயிருச்சு. நடந்தா சரக்கு சரக்குன்னு சத்தம். எங்களுக்கெல்லாம் தண்ணி எங்கேருந்து வருதுன்னா, மேல பைன் தோப்புக்குள்ள ஒரு ஊத்து இருக்கு. ஒவ்வொருத்தரும் அங்கேருந்து கருப்பு ஓஸ் போட்டுக் கீழ தோட்டத்துக்குக் கொண்டு வந்துக்கிறோம். மோட்டர் கிடையாது, கரண்டு கிடையாது, பள்ளத்துக்குத் தண்ணி தானா ஓடி வந்துரும். என் ஓஸ் ஒன்றரை கிலோமீட்டர். பெருவிரல் தண்டிக்கு வந்த தண்ணி, மாசியில சுண்டுவிரல் தண்டிக்கு ஆயிருச்சு.

ஊர்ல என்ன பண்ணாய்ங்க? வானத்தைப் பாத்தாய்ங்க. முறை வச்சுத் தண்ணி விட்டாய்ங்க. வேற ஒண்ணும் தெரியாது. நான் அப்பிடி இருக்க முடியுமாண்ணே? நான் ஒரு குரூப்ல இருக்கேன். வாட்சப்புல. ஆயிரத்து இருபத்தி நாலு பேரு, அதுக்கு மேல சேக்க முடியாதுன்னு ரெண்டாவது குரூப்பே ஆரம்பிச்சிருக்கு, அதுக்கு நான் அட்மின். அதுல படிச்சதுதான் மூடாக்கு. கேள்விப்பட்டிருக்கீங்களா? மண்ணைச் சும்மா வெயில்ல போடக் கூடாது. இலை தழை சருகைப் போட்டு மூடி வைக்கணும். ஈரம் காக்கும். புழு வரும், நுண்ணுயிர் வரும். பத்துத் தண்ணி விடுற எடத்துல நாலு போதும். விஞ்ஞானம்ணே.

எங்க ஊர்ல சருகுக்கா பஞ்சம்? பைன் தோப்புல முழங்கால் அளவுக்கு ஊசி ஊசியா கிடக்கு. ஃபாரஸ்ட் கார்டுகூட, அள்ளிட்டுப் போப்பா நல்லதுதான்னாரு. எம்பது மூட்டை அள்ளுனேன். எல்லாப் பாத்திக்கும் போட்டேன். பூண்டு முளை மட்டும் வெளிய எட்டிப் பாக்கும், மத்ததெல்லாம் சருகு. மெத்தை மாதிரி! போட்டோ போட்டேன், குரூப்ல நானூறு பேரு கைதட்டுனாய்ங்க. மிச்சம் ஐம்பது மூட்டை இருந்துச்சு. அப்பத்தான் எனக்கு ஒரு யோசனை வந்துச்சு. இது எந்தக் குரூப்லயும் கிடையாது, என் சொந்த யோசனை. ஓஸ் கருப்பு கலரு. நாள் பூராம் வெயில்ல கிடக்கு. உள்ள வர்ற தண்ணி வெந்நியா வருது. வெந்நியை ஊத்துனா வேர்ல இருக்குற நுண்ணுயிர் செத்துப்போகும்ல? அப்ப ஓஸுக்கும் மூடாக்கு போட்டா?

போட்டேன்ணே! மேல தோப்புல ஊத்துல ஆரம்பிச்சு, கீழ என் தோட்டம் வரைக்கும். ஒன்றரை கிலோமீட்டரும். ஓஸ் மேல ஒரு அடி அகலத்துக்குச் சருகு. காத்துல பறக்கக் கூடாதுன்னு அங்கங்க முள்ளு வெட்டிப் போட்டு அமுக்கி வச்சேன். மேல இருந்து பாத்தா, மலைக்கு வகிடு எடுத்த மாதிரி நேரா இறங்கும். அழகுன்னா அழகு!

மூட்டையை மேல தூக்கிக் கொடுத்தது யாருன்னு கேளுங்க. சிட்டம்மா குதிரைகதான். நான் நன்றி கெட்டவன் இல்லை, சொல்லிடுறேன். ஆனா மூட்டையை இறக்கிட்டுச் சும்மா போகணுமா இல்லையா? இடுப்புல கை வச்சுக்கிட்டு நின்னு பாக்குது. பாத்துட்டு, "என்ன கொழுந்தனாரே, மலைக்குத் திரி போடுறீங்களாக்கும்"ங்குது.

நான் சொன்னேன், "மதினி, இது மூடாக்கு. ஒங்களுக்குப் புரியாது."

"புரியலதான். காஞ்ச சருகைத் தோப்புலருந்து தோட்டம் வரைக்கும் கோத்து விட்டா தண்ணிதான் வருமா, வேற எதுவும் வராதா?"

"வேற என்ன வரும்?"

"எதுக்கும் நடுவுல அங்கங்க பத்தடி விட்டுப் போடுங்க. எங்க கருப்பட்டி தாண்டிப் போறதுக்காச்சும் வழி வேணும்ல."

பாத்தீங்களா? கடைசியில எங்க வந்து நிக்குது? குதிரையில! எந்தப் பேச்சு எடுத்தாலும் அந்தக் குதிரையில வந்துதான் நிக்கும். நான் ஒரு அடிகூட விடலை. விட்டா அந்த எடத்துல தண்ணி சூடாகும்ல?

ஆனா ஒண்ணு கவனிச்சுக்கங்க. தீ வர்றதுக்கு ஒரு மாசத்துக்கு முன்னாடியே, வேற எதுவும் வராதான்னு கேட்டிருக்கு. எப்பிடித் தெரியும்? சொல்லுங்க, எப்பிடித் தெரியும்? மனுவுல இது மூணாவது பாயிண்ட்டு.

அடுத்தது புல்லு. இந்தக் குதிரைக என்ன பண்ணும்னா, முன்னங்கால்ல கயித்தால தளை போட்டு விட்டுரும் இந்தம்மா. அது குதிச்சுக் குதிச்சு ஊரைச் சுத்தி மேயும். வேரோட ஒட்ட மேயும்ணே. ஊருக்குக் கிழக்கால, சிட்டம்மா வீட்டுப் பக்கம், போய்ப் பாருங்க, பழனியில முடி எறக்குன தலை மாதிரி இருக்கும். மண்ணுதான் தெரியும். பச்சைன்னு ஒரு கீத்து இருக்காது. நான் என் பக்கம் விடுவேனா? முள்ளுவேலி போட்டேன். ஒரு குதிரை உள்ள வர முடியாது. என் தோட்டத்தைச் சுத்தி நெஞ்சளவு புல்லு நின்னுச்சு. காஞ்சிருந்தாலும் அது ஒரு உயிர்ச்சூழல்ணே. எத்தனை பூச்சி, எத்தனை குருவி! அந்தம்மா பக்கம் பாலைவனம், என் பக்கம் சோலை. நடுவுல வேலி. அதையும் போட்டோ போட்டேன்.

ஊர்ல ஒரு பழக்கம் இருக்கு. மாசி மாசம் வீட்டுக்கு ஒரு ஆளு மம்பட்டியோட வரணும். ஊரைச் சுத்தி எட்டடி அகலத்துக்குப் புல்லைச் செதுக்கி மண்ணாக்கி விடுவாய்ங்க. பயர் லைன். தீ வந்தா அங்க நின்னுருமாம். என்னையக் கூப்பிட வந்தாய்ங்க. நான் போகலை. மண்ணைச் செதுக்குறது தோலை உரிக்கிற மாதிரின்னேன். என் தோட்டத்துப் பக்கம் ஒரு எடத்துலயும் மம்பட்டி படக் கூடாதுன்னுட்டேன். எங்கக்கா செண்பகம், அதுதான் எங்க வீட்ல மூத்தது, புருஷன் தவறுனதுலருந்து எங்கூடத்தான் இருக்கு, அது மம்பட்டியைத் தூக்கிக்கிட்டுக் கெளம்புச்சு. நான் வாசல்ல மறிச்சு நின்னுட்டேன். "நம்ம பக்கம் செதுக்குனா நான் சோறு திங்க மாட்டேன்"னேன். அக்கா என்ன சொல்லுச்சு தெரியுமா? "தின்னாதே"ன்னுச்சு. ஆனா போகலை. அந்தப் பயம் இருக்கு.

பங்குனி நாலாம் தேதி. மத்தியானம் ரெண்டு மணி இருக்கும். மேல்காத்து ஊளையிடுது. நான் திண்டுக்கல்காரர் ஒருத்தருக்குப் பஞ்சகவ்யம் பத்தி வாய்ஸ் மெசேஜ் போட்டுக்கிட்டு இருக்கேன். ஏதோ தீஞ்ச வாசம். அக்கா அடுப்புல எதையோ விட்டுருச்சுன்னு நெனைச்சு, "அக்கா!"ன்னு கத்துறேன். அக்கா வீட்டுல இல்லை. சிட்டம்மாகூட மூட்டை ஏத்த ரோட்டுக்குப் போயிருக்கு. வெளிய வந்து பாக்குறேன், பைன் தோப்பு மேல பொகை. பொகைன்னா மேகம் மாதிரி.

யாரு வச்சான்னு தெரியலைங்கிறாய்ங்க. டூரிஸ்ட்டு பீடிங்கிறாய்ங்க, தேன் எடுக்க வந்தவன்ங்கிறாய்ங்க. நான் ஒண்ணு கேக்குறேன். பழைய காலத்துல கொழுந்துப் புல்லு வரணும்னு காஞ்ச புல்லுக்குத் தீ வச்சது யாரு? குதிரைக்காரங்க. இப்ப ஊர்ல குதிரை வச்சிருக்கிறது யாரு? கணக்குச் சரியாப் போச்சா? எங்கக்கா சொல்லுது, "டேய், அவ காலையிலருந்து எங்கூடத்தானேடா இருந்தா"ன்னு. அதுதான்ணே சந்தேகமே! தீ வச்ச அன்னைக்குப் பாத்து எங்கக்காகூடவே இருந்திருக்கு பாருங்க. எவ்வளவு யோசனை!

சரி, தீயைக் கேளுங்க. மத்த எடமெல்லாம் அது அலைஞ்சு அலைஞ்சு வருது. பாறை வந்தா நிக்குது, ஓடை வந்தா யோசிக்குது. என் பக்கம் மட்டும் எப்பிடி வந்துச்சு தெரியுமா? நேரா! என் ஓஸ் எப்பிடி வந்துச்சோ அப்பிடியே, வளைவுல வளைஞ்சு, எறக்கத்துல எறங்கி, யாரோ வழி சொல்லி அனுப்புன மாதிரி! நான் தோட்டத்துல நின்னு பாத்துக்கிட்டே இருக்கேன், அது என்னையப் பாத்து வருது. தண்ணியைத் தொறக்கலாம்னு ஓடுறேன், ஓஸ் முனையில ஒரு மடக்குத் தண்ணி, அப்புறம் காத்து, அப்புறம் அதுவும் இல்லை. ஓஸ் மேல உருகிருச்சு. கருப்பா ஒழுகுது, தார் மாதிரி. வேலி புடிச்சுச்சு. நெஞ்சளவு புல்லு புடிச்சுச்சு. அது எரிஞ்ச சத்தம் இருக்கே... பட்டாசுக் கடைண்ணே. பாத்திக்குள்ள எறங்கி மூடாக்கைப் புடிச்சுச்சு. மெத்தை மாதிரி போட்டிருந்தேன்னு சொன்னேன்ல.

நான் கத்துறேன். என்ன கத்துனேன்னு எனக்கே தெரியலை. என் புருவத்தைப் பாருங்க. இப்பத்தான் மொளைக்குது.

அப்ப வந்துச்சுண்ணே சிட்டம்மா. அக்கா, இன்னும் நாலஞ்சு பேரு, எல்லாரும் பச்சைக் கொப்பு ஒடிச்சு வச்சிருக்காய்ங்க. கருப்பட்டி முதுகுல நனைச்ச சாக்கு. செனைக் குதிரையைத் தீக்குள்ள கூட்டிட்டு வர்ற புத்தியைப் பாருங்க! வந்ததும் என்ன பண்ணுச்சு தெரியுமா? தீயை அணைக்கலை. என் முள்ளுவேலியை ஒரு பக்கம் கயிறு கட்டிக் குதிரையை விட்டு இழுத்துப் பிச்சுப் போட்டுருச்சு. அப்புறம் மம்பட்டியை எடுத்துப் பாத்திக்கு நடுவுல எறங்கிக் கண்ணை மூடிக்கிட்டு மூடாக்கை வழிச்சு வழிச்சு எறியுது! இன்னும் தீ புடிக்காத பதினெட்டுப் பாத்திக்கு மேக்கால, முப்பது அடி அகலம், வெறும் மண்ணு. எங்கக்காவும் சேந்துக்கிச்சு. நான் போய்க் கையைப் புடிக்கிறேன். "மதினி, நுண்ணுயிர்! நுண்ணுயிர் இருக்கு!"ங்கிறேன்.

அந்தம்மா என்னையப் பாத்த பார்வை... விடுங்க. "அடச்சீ, தள்ளு!"ன்னுச்சு. முறைக்குக் கொழுந்தனை அப்பிடியா பேசுவாங்க? எல்லாரும் பாத்தாய்ங்க.

தீ அந்த மண்ணுகிட்ட வந்து நின்னுருச்சு. அதுக்குள்ள அதுக்கே களைப்பு வந்திருக்கும், எவ்வளவு தூரம் ஓடி வந்துச்சு! ஆனா ஊர்ல என்ன பேச்சு? சிட்டம்மா நிறுத்துச்சாம். கிழக்கால வீட்டுப் பக்கமும் ஒண்ணும் ஆகலை. ஒரு ஓலை கருகலை. அதுக்கும் என்ன சொல்றாய்ங்க, குதிரை மேஞ்சு மொட்டையா இருந்துச்சாம், அதனால தீ வரலையாம். அதிர்ஷ்டம்ணே. அதிர்ஷ்டத்துக்கு ஒரு காரணம் கண்டுபுடிச்சே தீரணும் இந்த ஆளுகளுக்கு.

ஒரு நிமிஷம், குரூப்ல ஒருத்தன் கேக்குறான். சேலத்துக்காரன். மூடாக்கு எத்தனை இஞ்ச் போடலாம்னு... "தோழரே, ஆறு இஞ்ச்சுக்குக் குறையாம போடுங்க. பைன் சருகு கிடைச்சா விட்டுறாதீங்க." சரி, அனுப்பியாச்சு. அவனுக்கு என் மேல பெரிய மரியாதை. தீயைப் பத்தி குரூப்ல ஒண்ணும் போடலை. எதுக்குப் புதுசா வர்றவனைப் பயமுறுத்தணும்?

இப்ப மிச்சம் என்ன இருக்குன்னு கேட்டீங்கன்னா, அந்தப் பதினெட்டுப் பாத்தி. அது சாதாரணப் பூண்டு இல்லை, வெதைப்பூண்டு. அது வெளைஞ்சாத்தான் அடுத்த போகத்துக்கு ஊண முடியும். அது போச்சுன்னா என் தோட்டத்துல பூண்டே இல்லை. இன்னும் இருபத்தஞ்சு நாள் தண்ணி கேக்கும், அப்புறந்தான் புடுங்கலாம். ஓஸ் இல்லை. எல்லாரு ஓஸும் உருகுனதுனால கடையிலயும் இல்லை, சரக்கு வர ஒரு மாசம் ஆகும்ங்கிறான். வானத்தைப் பாத்தா வெளக்கி வச்ச பாத்திரம் மாதிரி இருக்கு.

தீ வந்து மூணாம் நாளு. காலையில தோட்டத்துல லொட லொடன்னு சத்தம். எந்திரிச்சுப் போனா அஞ்சு குதிரை வரிசையா நிக்குது. ஒவ்வொண்ணு முதுகுலயும் ரெண்டு பக்கம் தண்ணிக் கேனு. சிட்டம்மா சொம்பு வச்சு ஒவ்வொரு பூண்டுக்கா ஊத்துது, எங்கக்கா அடுத்த பாத்தியில. மேல ஊத்துலருந்து எடுத்துட்டு வந்திருக்கு. காலையில ரெண்டு நடை, சாயங்காலம் ரெண்டு நடை. நான் கேக்கவே இல்லைண்ணே. ஒரு வார்த்தை கேக்கலை. அன்னையிலருந்து பத்து நாளா இதே வேலை.

இப்ப நீங்க யோசிச்சுச் சொல்லுங்க. தப்புப் பண்ணாத ஒருத்தி எதுக்கு அடுத்தவன் தோட்டத்துக்குத் தண்ணி சொமக்கணும்? மனசு குத்துது! அதான்! இது நாலாவது பாயிண்ட்டு. எழுதும்போது எனக்கே உடம்பு சிலிர்த்துச்சு.

எங்கக்கா மனுவைப் படிச்சுச்சு. படிச்சுட்டு அப்பிடியே மடிச்சு எங்கிட்ட கொடுத்துட்டு அடுப்படிக்குப் போயிருச்சு. கையெழுத்துப் போடலை. "அவ தண்ணி ஊத்திட்டு இருக்காடா"ன்னு மட்டும் சொல்லுச்சு. "அதைத்தான்க்கா எழுதியிருக்கேன்"னேன். அதுக்கப்புறம் ரெண்டு நாளா பேசலை. பொம்பளைக ஒண்ணு சேந்துட்டா நியாயம் எங்க இருக்கும்? ஊர்க்காரங்க பரவால்ல, பதினோரு பேரு போட்டாய்ங்க. எதுக்குன்னு ஒருத்தரும் கேக்கலை. "தீ விஷயமா"ன்னேன். "ஓஸ் கொடுப்பாங்களாப்பா?"ன்னாய்ங்க. "எல்லாம் நடக்கும்"னேன். நடக்கும்ல? மொதல்ல குதிரை போகட்டும்.

என்னண்ணே வண்டி நிக்குது? கொண்டையூசி வளைவு கூட இல்லையே. மாடா? எட்டிப் பாருங்க... தள்ளுங்க, நான் பாக்குறேன்.

அட!

அந்தா, குறுக்குப் பாதையில எறங்கி ரோட்டுக்கு வருது பாருங்க. அதுதான். நான் சொன்ன ஆளு அதுதான்ணே. முன்னாடி கருப்பா வருதே, வயிறு தொங்கிக்கிட்டு, அதுதான் கருப்பட்டி. அஞ்சும் இருக்கு. முதுகுல கேன் இல்லை... சட்டி பானை, தார்ப்பாய், கொள்ளு மூட்டையெல்லாம் ஏத்தியிருக்கு. எங்க போகுது இவ்வளவு தூரம்? என்ன மதினி! மதினீ! எங்க பயணம்?

... என்னது? ... யாரு சொன்னா? ... அக்காவா? ... இல்லை மதினி, அது வந்து, பொதுவா ஒரு மனுதான், ஒங்க பேரு அதுல... பேரு இருக்கு, ஆனா... ஆங்? ... எப்ப திரும்பி வருவீங்க? ... மதினி! யோவ் டிரைவர், ஒரு நிமிஷம் நிறுத்துய்யா! வழி விட்டா ஒடனே எடுத்துருவீங்களா!

போயிருச்சு.

கேட்டீங்களா, என்ன சொல்லிட்டுப் போகுதுன்னு? சத்தத்துல கேட்டுச்சோ என்னமோ. "ஒங்களுக்கு எதுக்கு கொழுந்தனாரே பஸ்ஸு செலவு, நாங்களே கெளம்பிட்டோம்"ங்குது. சிரிச்சுக்கிட்டே சொல்லுது பாருங்க. கீழ்மலையில அவங்க அண்ணன் காப்பித் தோட்டத்துல இருக்காராம், அங்க போகுதாம். இங்க மலை பூராம் கரி, செனைக் குதிரைக்கு மேய்ச்சல் இல்லையாம். அதோட, கையெழுத்துப் போட்டு வெளிய போகச் சொன்ன ஊர்ல குட்டி போட வேண்டாம்னு இருக்காம். திரும்பி வர்றதைப் பத்தி யோசிக்கலையாம். "காலையில ரெண்டு நடை ஊத்தியாச்சு, கடைசி நாலு பாத்திக்குப் பத்தலை, சாயங்காலத்துலருந்து நீங்க பாத்துக்கங்க"ன்னு சொல்லிட்டுப் போகுது.

ஜெயிச்சாச்சுண்ணே! மனு கொடுக்குறதுக்கு முன்னாடியே ஜெயிச்சாச்சு! பாத்தீங்கள்ல, உண்மைக்கு எவ்வளவு பலம்னு! ஒரு பேப்பரு, பதினோரு கையெழுத்து. ஓடுது! குத்தம் இல்லாத ஆளா இருந்தா நின்னு பேசியிருக்கணும்ல?

...

சாயங்காலம்னா, நாலு மணிக்கு ஊத்தணும். இந்த பஸ்ஸு திரும்ப ஆறு மணிக்குத்தான் ஊருக்குப் போகும். சரி, ஒரு வேளைதானே. அக்கா பாத்துக்கிரும். அக்கா... பேசலை. இருங்க, ஒரு போன் போட்டுப் பாக்குறேன். ...எடுக்கலை.

குதிரைக்கு ரெண்டு கேனு. அஞ்சு குதிரைக்குப் பத்து. நாலு நடைக்கு நாற்பது கேனு, ஒரு நாளைக்கு. ஒரு மனுஷன் அந்த ஏத்தத்துல ஒரு கேனு தூக்கலாம். போக வர ஒன்றரை கிலோமீட்டர், ஒன்றரை கிலோமீட்டர், மூணு... நாற்பது தடவை. இருபத்தஞ்சு நாள். என்ன பாக்குறீங்க? கணக்குத்தானே போடுறேன்.

இல்லைண்ணே, மனுவைக் கொடுக்காம எப்பிடி விடுறது? கொடுத்தே தீரணும். இன்னைக்குப் போன ஆளு நாளைக்குத் திரும்பி வராதுன்னு என்ன நிச்சயம்? கொள்கைன்னு ஒண்ணு இருக்குல்ல? பதினோரு பேரு நம்பிக் கையெழுத்துப் போட்டிருக்காய்ங்க.

அண்ணே, நீங்க எந்த ஊருன்னு கேக்கவே இல்லை பாருங்க. வத்தலக்குண்டா? சரியாப் போச்சு. அந்தப் பக்கம் யாராச்சும் குதிரை வச்சிருக்காங்களா? இல்லை, சும்மாதான் கேக்குறேன். ஒரு மாசத்துக்கு, வாடகைக்கு. அஞ்சு வேண்டாம், ரெண்டு இருந்தாப் போதும், மட்டமா இருந்தாலும் பரவால்ல. கூட ஒரு ஆளும் வரணும், எனக்கு அதுகிட்டப் போனா ஆகாது. இன்னைக்கே கிடைச்சாலும் சரிதான். ஆனா ஒண்ணு, மொதல்லயே சொல்லிருங்க. கொம்பரை எல்லைக்கு வெளியதான் கட்டிக்கணும். உள்ள கூடாது. மனு அப்பிடி எழுதியிருக்கேன்.